இருவர் ஆடும் தனிமை

மேடையில் ஒருவர் மட்டும் வந்து நின்றால், இவர் யார் என்று பார்ப்பவர் மனம் கேட்கிறது. பலர் வந்து நின்றால், இது என்ன கூட்டம் என்று கேட்கிறது. இருவர் வந்து நிற்கும்போது மட்டும் கேள்வி வேறாகிவிடுகிறது: இவர்களுக்குள் என்ன? அவர்கள் ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை; கையசைக்கவும் வேண்டியதில்லை. ஒருவர் நிற்கும் இடத்துக்கும் மற்றவர் நிற்கும் இடத்துக்கும் நடுவே கிடக்கும் நான்கடி வெறுந்தரையே பேசத் தொடங்கிவிடுகிறது. இருவர் ஆடல் என்னும் வடிவத்தின் ஆற்றல் பெரும்பாலும் அந்த நான்கடியில்தான் இருக்கிறது எனலாம்.

பரதநாட்டியத்தைப் பார்த்துப் பழகிய தமிழ்க் கண்களுக்கு இது சற்று அயலான வடிவமே. பதம் ஆடும் நங்கை தனியொருத்தியாகவே மேடையில் நிற்கிறாள். ஆயினும் அவள் பார்வை சென்று நிலைக்கும் இடத்தில் தலைவன் நிற்கிறான். முகத்தைச் சற்றே திருப்பிய மறுகணம் அவளே தோழியாகிவிடுகிறாள். வாராதவனை நினைந்து வாடுகிறாள், வந்தவனோடு ஊடுகிறாள், ஊடல் தீர்ந்து கூடுகிறாள். மேடையில் இல்லாத ஒருவனை இருப்பவனாக்கிக் காட்டுவதே அங்கு அபிநயத்தின் தலையாய வேலை. ஒருத்தியே இருவரை ஆடும் மரபு அது.

1978ஆம் ஆண்டு ஜெர்மனியில் தோன்றிய ஒரு படைப்பு இதை அப்படியே புரட்டி வைத்தது. அங்கே ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் இறுகத் தழுவி நிற்கிறார்கள். அவர்களுக்கு இடையே நான்கடி இல்லை. நான்கு விரற்கடை கூட இல்லை. ஆயினும் அங்கு ஆடப்படுவது தனிமை. ‘கஃபே முல்லர்’ என்பது அப்படைப்பின் பெயர். படைத்தவர் பீனா பௌஷ் என்னும் பெண்மணி. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் ஓடும் அப்படைப்பில் ஆறு பேர் தோன்றுகிறார்கள். எனினும் அதைக் கண்டவர் நெஞ்சில் தங்கிவிடுவது அந்த இருவரின் தழுவல்தான். ஆகவே இங்கு அந்த ஆடலையே நடுவில் வைத்து, கூடியிருத்தலும் தனித்திருத்தலும் எவ்வாறு ஒரே உடலில் குடியிருக்கின்றன என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம்.

பீனா பௌஷ் 1940ஆம் ஆண்டு ஸோலிங்கன் நகரில் பிறந்தவர். கத்திகளுக்குப் பெயர் பெற்ற தொழில் நகரம் அது. 1944ஆம் ஆண்டு நவம்பரில் வான்குண்டு வீச்சால் பெரிதும் அழிந்தது. அவருடைய பெற்றோர் அங்கே உணவகத்தோடு கூடிய சிறு விடுதி ஒன்றை நடத்திவந்தனர். மேசைகளின் அடியில் உட்கார்ந்து, மேலே பெரியவர்கள் பேசுவதையும் சிரிப்பதையும் சண்டையிடுவதையும் கேட்டுக்கொண்டே வளர்ந்ததாக அவர் பிற்காலத்தில் கூறியதுண்டு. மேசைக்கு அடியிலிருந்து பார்க்கும் குழந்தைக்கு மனிதர்களின் முகம் தெரியாது. கால்கள் தெரியும். நெருங்கும் கால்கள், விலகும் கால்கள், மேசைக்கு மேலே இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டே அடியில் பொறுமையற்றுத் தரையைத் தட்டும் கால்கள். நடனக்காரி ஒருத்திக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் வாய்த்திருக்க முடியுமா என்பது ஐயமே.

உண்மையான பள்ளி பின்னால் வந்தது. எஸ்ஸன் நகரத்து ஃபோல்க்வாங் பள்ளியில் குர்ட் யூஸ் என்பவரிடம் அவர் பயின்றார். யூஸ் சாதாரண ஆசிரியர் அல்லர். 1932ஆம் ஆண்டில் ‘பச்சை மேசை’ என்னும் போர் எதிர்ப்பு நடனத்தை அமைத்துப் புகழ் பெற்றவர். தம் குழுவில் இருந்த யூதக் கலைஞர்களை விலக்க மறுத்து, 1933இல் நாட்டைவிட்டே வெளியேறியவர். போருக்குப் பின் 1949இல் திரும்பி வந்து மீண்டும் கற்பிக்கத் தொடங்கியவர். பௌஷ் அவரிடம் தேர்ந்து, 1959இல் உதவித்தொகை பெற்று நியூயார்க் சென்றார். 1962இல் நாடு திரும்பி யூஸின் குழுவில் ஆடினார். 1973இல் வூப்பர்டால் நகர நாடக அரங்கின் நடனப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். அழகிய பாலேயை எதிர்பார்த்து வந்த அந்நகர மக்கள் தொடக்க ஆண்டுகளில் அவருடைய படைப்புகளைப் பொறுக்கவில்லை. பாதியில் எழுந்து, கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனவர் பலர்.

1978ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் ‘கஃபே முல்லர்’ அரங்கேறியது. அது ஒருவர் நிகழ்ச்சியாக அமையவில்லை என்பது பலர் அறியாத செய்தி. நான்கு நடன அமைப்பாளர்கள் ஒரே மாலையில், ஒரே தலைப்பில், ஆளுக்கொரு படைப்பை வழங்குவது என்று ஏற்பாடு. நால்வருக்கும் பொதுவாகச் சில குறிப்புகள் இருந்தன: ஓர் உணவகம், இருள், யாரோ காத்திருக்கிறார், யாரோ விழுகிறார், விழுந்தவர் தூக்கி நிறுத்தப்படுகிறார், செந்நிறக் கூந்தல் உடைய பெண் ஒருத்தி வருகிறாள். ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்லும் புலவர் விளையாட்டைப் போன்றதுதான் இது. நான்கில் மூன்று காலத்தோடு போய்விட்டன. ஒன்று மட்டும் நின்றது.

திரை விலகும்போது காண்பது ஒரு மங்கலான அறை. சாம்பல் பூத்த சுவர்கள், கண்ணாடிக் கதவுகள், பின்புறம் ஒரு சுழற்கதவு. தரை முழுவதும் நாற்காலிகளும் சிறு மேசைகளும். கூட்டம் போய்விட்ட, அல்லது இன்னும் வந்து சேராத உணவகம். நாற்காலி என்பது மனிதன் இல்லாதபோதும் மனிதனின் வடிவத்தைத் தாங்கி நிற்கும் பொருள். காலி நாற்காலிகள் நிறைந்த அறையைவிடத் தனிமையை அப்பட்டமாகச் சொல்லும் காட்சி வேறொன்று இல்லை. அந்த நாற்காலிக் காட்டுக்குள் வெண்ணிற மெல்லுடை அணிந்த பெண் ஒருத்தி, கண்களை மூடியவாறு, கைகளைச் சற்றே முன்நீட்டி, உறக்கத்தில் நடப்பவளைப் போல வருகிறாள். அவளைப் போலவே இன்னொருத்தி பின்சுவரை ஒட்டித் தனக்குள் ஆழ்ந்து ஆடுகிறாள். பின்னால் நிற்கும் அவள் பௌஷ். தாம் படைத்த நடனங்களில் அவர் தாமே ஆடியது மிக அரிது, இதில் ஆடினார்.

முன்னால் வருபவள் மாலு ஐரோடோ என்னும் பிரெஞ்சு நடனமணி. கண்ணை மூடிக்கொண்டே அவள் ஓடத் தொடங்குகிறாள். எங்கே இடறி விழப் போகிறாளோ என்று பார்ப்பவர் நெஞ்சு திடுக்கிடும் அந்தக் கணத்தில், கோட்டு அணிந்த ஆடவன் ஒருவன் பாய்ந்து வந்து, அவளுக்கு முன்னால் இருக்கும் நாற்காலிகளைத் தள்ளியும் மேசைகளைச் சாய்த்தும் வழி செய்துகொடுக்கிறான். அவள் அதை அறிவதில்லை. அவன் ஒருவன் இருப்பதாகவே அவளுக்குத் தெரியாது. இவனைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கும்.

அவளைப் போலவே கண்ணை மூடி நடந்து வரும் ஆடவன் தொமினிக் மெர்சி. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வந்து மோதிக்கொள்கிறார்கள். மோதிய கணமே இறுகத் தழுவிக்கொள்கிறார்கள். அத்தழுவலில் காமம் இல்லை. வெள்ளத்தில் போகிறவர் கையில் அகப்பட்ட கட்டையைப் பற்றுவதைப் போன்ற பிடி அது. அப்போது வேறொருவன் வருகிறான். அவனும் கோட்டு அணிந்தவன், ஒழுங்கானவன், கடமை தவறாதவன். அவன் தழுவி நிற்பவர்களை அணுகி, அவர்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கிறான். ஆடவனின் முகத்தைப் பெண்ணின் முகத்தோடு பொருத்தி, உதடுகளை உதடுகளில் சேர்க்கிறான். பெண்ணின் ஒரு கையை எடுத்து ஆடவனின் கழுத்தில் போடுகிறான். ஆடவனின் முழங்கைகளை மடக்கி முன்நீட்டி வைக்கிறான். பின்னர் அவளைத் தூக்கி, மணமகளை வாசற்படி தாண்டித் தூக்கிச் செல்லும் மேலைநாட்டு வழக்கத்தில் போல, அவன் கைகளில் குறுக்காகக் கிடத்துகிறான். எல்லாம் முடிந்தது என்று நடையைக் கட்டுகிறான்.

ஆனால் கிடத்தப்பட்ட கைகளில் வலுவில்லை. அவை அவளைத் தாங்கவில்லை. அவள் வழுக்கித் தரையில் விழுகிறாள். விழுந்த மறுகணம் துள்ளி எழுந்து முன்போலவே அவனை இறுகத் தழுவிக்கொள்கிறாள். போனவன் திரும்பி வருகிறான். மறுபடியும் கை பிரிப்பு, உதடு சேர்ப்பு, தூக்கிக் கிடத்தல். மறுபடியும் அவள் விழுகிறாள். மறுபடியும் எழுந்து தழுவுகிறாள். மூன்றாம் முறை, நான்காம் முறை. வேகம் ஏறிக்கொண்டே போகிறது. மூச்சு இரைப்பது அவையின் கடைசி வரிசைக்கும் கேட்கிறது. முதன்முறை பார்ப்பவர்களில் சிலர் இந்த இடத்தில் சிரித்துவிடுவதுண்டு. சிரிப்பு நெடுநேரம் நிலைப்பதில்லை. ஏனெனில் ஒரு கட்டத்தில் மூன்றாமவன் போய்விடுகிறான். அவன் இல்லாமலே இருவரும் அதைத் தாங்களாகவே செய்யத் தொடங்குகிறார்கள். முத்தம், கழுத்தில் கை, ஏந்தல், விழுதல், எழுதல், தழுவல். யாரும் சொல்லவில்லை, ஆயினும் நிறுத்த முடியவில்லை.

மூன்றாமவன் யார்? சமூகம் என்று ஒரு விடை உண்டு. சடங்கு என்று ஒரு விடை உண்டு. நடன அமைப்பாளரே தம்மைத் தாமே கிண்டல் செய்துகொள்கிறார் என்று ஒரு விடையும் உண்டு. நடனக்காரர்களின் கையை இங்கே வை, காலை அங்கே வை என்று சொல்வதுதானே அவர் தொழில்! இக்காட்சியைக் காணும் தமிழர் ஒருவருக்கு வேறு நினைவு வரலாம்: பெரியவர்கள் மணமக்களின் கைகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் காட்சி. எவ்விதமாகக் கொண்டாலும், அவனைக் கொடியவனாகக் கொள்வது பொருந்தாது. அவன் செயலில் சிறிதும் வன்மம் இல்லை. காதலர் என்றால் இப்படித்தான் நிற்க வேண்டும் என்று யாரோ வரைந்து வைத்த படம் ஒன்று அவன் உள்ளத்தில் இருக்கிறது; அந்தப் படத்தை அவன் நல்லெண்ணத்தோடு நிறைவேற்றுகிறான். அவர்கள் முன்பு நின்ற தழுவல் அந்தப் படத்தில் அடங்காதது. அழகற்றது, அவசரமானது, பெயரில்லாதது. ஆயினும் விழாமல் நின்றது அது ஒன்றுதான்.

ஆகவே இக்காட்சியின் துயரம் பிரிவில் இல்லை. இருவரும் ஒரு கணமும் பிரியவில்லை. தங்களுக்கென்று இயல்பாக அமைந்திருந்த ஒரு நெருக்கத்தை விட்டு, பிறர் கற்பித்த நெருக்கத்தைப் பழகிக்கொள்கிறார்கள். பழகியபின் அதுவே அவர்களுடையதாகிவிடுகிறது. தனிமை அங்கே வெளியிலிருந்து வருவதில்லை. கற்றுக்கொண்ட தழுவலுக்கு உள்ளேயே அது வளர்கிறது.

இங்கே நடன வரலாற்றைச் சற்று நினைவுகொள்வது பயன்தரும். மேலைநாட்டுப் பாலேயில் இருவர் ஆடல் என்பது இலக்கணம் வகுக்கப்பட்ட வடிவம். இருவரும் சேர்ந்து மெதுவாக ஆடுவது முதற்பகுதி; பின்னர் ஆடவன் தனியே, பெண் தனியே; முடிவில் இருவரும் விரைவாக. 1895ஆம் ஆண்டின் ‘அன்ன ஏரி’யில் லெவ் இவானோவ் அமைத்த வெண்ணிற அன்னத்தின் காட்சியை இதன் சிகரமாகக் கொள்வர். அங்கே பெண் கால்விரல் நுனியில் நிற்கிறாள். ஆடவன் அவள் இடையைத் தாங்குகிறான். அவன் கை இல்லையேல் அவள் அவ்வாறு சாய முடியாது. காதல் என்பது அங்கே தாங்குதல். கனம் முழுவதும் ஒரு பக்கம். வலிமை முழுவதும் மறுபக்கம். 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டீவ் பேக்ஸ்டன் தொடங்கிவைத்த தொடுகை ஆடல் முறை இதை மாற்றியது. அதில் யாரும் யாரையும் தாங்கலாம். இருவரும் தத்தம் எடையை மற்றவர்மேல் சாய்த்துக்கொண்டு, அந்தச் சாய்விலிருந்து அடுத்த அசைவைக் கண்டடைவார்கள். பகிர்தல் என்று அதைச் சொல்லலாம். பௌஷ் இவ்விரண்டையும் நன்கு அறிந்த காலத்தவர். அவர் தேர்ந்துகொண்டதோ மூன்றாவது வழி: தாங்காத கை. பாலேயின் நெடுங்கால வாக்குறுதி அந்தத் தளர்ந்த இரு கைகளில் சத்தமின்றி முறிந்துபோகிறது. மெர்சியின் கை மறுப்பதற்காகத் தளரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். தாங்குதல் என்றால் என்ன என்பது அந்தக் கைக்குத் தெரியவில்லை, அவ்வளவே.

இசை பற்றி ஒரு சொல். ‘கஃபே முல்லர்’ முழுவதற்கும் இசை ஆங்கிலேயரான ஹென்றி பர்செல்லுடையது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்து முப்பத்தாறு வயதில் மறைந்தவர் அவர். ‘டைடோவும் ஈனியாசும்’ என்னும் அவருடைய இசை நாடகத்தில், கைவிடப்பட்ட அரசி டைடோ இறக்கும் முன் பாடும் புலம்பல் இங்கே ஒலிக்கிறது. அப்புலம்பலின் கட்டமைப்பு வியப்புக்குரியது. அடிச்சுரங்களாலான ஒரு சிறு தொடர், ஐந்து தாள அளவுகள் மட்டுமே கொண்டது, படிப்படியாகக் கீழே இறங்கி, மீண்டும் தொடங்கி, மீண்டும் இறங்குகிறது. பாட்டு முடியும்வரை அது மாறுவதே இல்லை. மேலே பாடும் குரலோ அந்த எல்லைகளை மதிப்பதில்லை. அடித்தொடர் முடியும் இடத்தில் குரல் முடிவதில்லை. அது தொடங்கும் இடத்தில் இது தொடங்குவதில்லை. மாறாத ஒன்றின் மேல் ஒரு மனிதக் குரல் தப்பிக்கப் பார்க்கிறது. தழுவி, ஏந்தி, விழுந்து, எழும் அந்த மாறாத தொடரை அமைத்தவருக்கு இந்த இசையின் எலும்புக்கூடு நன்றாகத் தெரிந்திருக்கும். இசை ஓயும் இடங்களில் நாற்காலி உராயும் ஒலியும், மூச்சும், தரையில் விழும் உடலின் ஓசையுமே மிஞ்சுகின்றன. அவையும் இசைதான் என்று சொல்வது இந்நாளில் தேய்ந்த வழக்காகிவிட்டது; இங்கே அது பொருந்துகிறது.

இன்னோர் இடத்தில் இதே இருவரும் ஒருவரையொருவர் மாறி மாறிச் சுவரில் எறிகிறார்கள். அவன் அவளை, அவள் அவனை. இதுவும் திரும்பத் திரும்ப நிகழ்கிறது. 1984ஆம் ஆண்டில் வூப்பர்டால் குழு அமெரிக்காவில் ஆடியபோது, பௌஷ் துன்பத்தையே காட்டிக் காட்டிச் சலிப்பூட்டுகிறார், துன்பத்துக்குக் காரணம் தேட மறுக்கிறார் என்று கடுமையாக எழுதியவர்கள் உண்டு. அக்குறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சுவர்க் காட்சியில் அது ஓரளவு உண்மை. தழுவல் காட்சியில் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றை மாற்றிப் பொருள் கொள்ளச் செய்கிறது; சுவர்க் காட்சியிலோ மூன்றாம் முறைக்குப் பின் புதிதாக ஒன்றும் தெரியவருவதில்லை. வலி மட்டும் கூடுகிறது.

இனி, நாற்காலிகளை விலக்குபவனிடம் வரலாம். கூடியிருத்தல் என்பதைத் தழுவலில் மட்டுமே தேடுபவர்கள் இவனைப் பார்க்கத் தவறிவிடுகிறார்கள். அரங்கேற்றத்தின்போது இப்பாத்திரத்தை ஏற்றவர் நடனக்காரர் அல்லர். அவர் ரோல்ஃப் போர்ட்சிக். பௌஷின் வாழ்க்கைத் துணைவர். அவருடைய தொடக்க காலப் படைப்புகளுக்கு மேடையும் உடையும் அமைத்தவர். அந்த உணவகத்தையும் அதன் நாற்காலிகளையும் மேடையில் கொண்டுவந்து வைத்தவர் அவரே. வைத்த நாற்காலிகளை விலக்கும் வேலையும் அவருக்கே வந்து சேர்ந்தது. நாற்காலிகள் இல்லையென்றால் ஆடுவதற்கு இடையூறு இல்லை. ஆனால் நாற்காலிகள் இல்லையென்றால் அந்த நடனமும் இல்லை. ஆகவே ஒருவர் ஓட வேண்டும், பார்க்க வேண்டும், அவள் அடுத்த அடியை எங்கே வைப்பாள் என்று அவளுக்கு முன்பாகவே அறிய வேண்டும். அவளைத் தொடக்கூடாது, நிறுத்தக்கூடாது, விழிக்கச் செய்யவும் கூடாது.

தழுவி நிற்கும் இருவரையும்விட இவனுக்கும் கண் மூடி நடப்பவளுக்கும் இடையே நிகழ்வதுதான் அந்த மேடையின் உண்மையான இருவர் ஆடல் என்று கொள்ள இடமுண்டு. அவன் கவனம் முழுவதும் அவள்மேல். அவள் அறியாமை முழுவதும் அவனைப் பற்றியது. ஒருவர் இன்னொருவருக்காக இவ்வளவு செய்ய முடியும். செய்தும் அவருடைய தனிமைக்குள் ஓரடியும் நுழைய முடியாது.

போர்ட்சிக் 1980ஆம் ஆண்டு ஜனவரியில், முப்பத்தைந்து வயதில், நோயுற்று இறந்தார். ‘கஃபே முல்லர்’ நிற்கவில்லை. ழான் லோரான் ஸாஸ்போர்த் என்னும் நடனக்காரர் அந்தக் கோட்டை அணிந்து நாற்காலிகளை விலக்கினார். பௌஷ் பின்சுவரை ஒட்டி, கண்களை மூடியவாறு, தொடர்ந்து ஆடினார். நாற்காலி இழுபடும் ஒலி அவர் செவியில் எவ்வாறு விழுந்திருக்கும் என்பதை யாரும் எழுதிவைக்கத் தேவையில்லை.

கண் மூடுதல் பற்றி அவரே சொன்ன செய்தி ஒன்று விம் வெண்டர்ஸ் எடுத்த ‘பீனா’ என்னும் படத்தில் வருகிறது. சில காலம் விட்டு அந்தப் பாத்திரத்தை மீண்டும் ஆடியபோது, முன்பிருந்த உணர்வு அவருக்கு வாய்க்கவில்லையாம். அசைவுகள் எல்லாம் சரியாக இருந்தன. உள்ளே மட்டும் ஒன்றும் நிகழவில்லை. பின்பு காரணம் புலப்பட்டது. மூடிய இமைகளுக்கு உள்ளே கண்மணி நேராக நோக்குகிறதா, கீழ் நோக்குகிறதா என்பதில்தான் வேறுபாடு இருந்தது. பார்ப்பவர் எவருக்கும் தெரிய வாய்ப்பில்லாத வேறுபாடு. இதைக் கேட்ட ஒருவர் மிகை என்று நகைக்கலாம். ஆனால் தனிமை என்பது வேறு என்ன? அறையில் ஆறு பேர் இருக்க, இமைக்கு உள்ளே ஒரு நூலளவு இடத்தில், வேறெவரும் காண முடியாதபடி நிகழ்வதுதானே அது.

வெண்டர்ஸ் இப்படைப்பை 1985இல் வெனிஸ் நகரில் முதன்முறை பார்த்தார். நடனத்தில் ஆர்வமற்று, உடன் வந்தவரின் வற்புறுத்தலுக்காகப் போனவர் தொடங்கிய சிறிது நேரத்திலேயே அழத் தொடங்கியதாகக் கூறியிருக்கிறார். பௌஷைப் பற்றிப் படம் எடுப்பது என்னும் பேச்சு அன்று தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. படப்பிடிப்பு நெருங்கிவந்த வேளையில், 2009ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள், புற்றுநோய் என்று கண்டறிந்த ஐந்தாம் நாளே, பௌஷ் மறைந்தார். 2011இல் வெளிவந்த படம் அவர் இல்லாமல் அவருடைய நடனக்காரர்களைக் கொண்டு எடுக்கப்பட்டது.

தமிழ்நாட்டுக்கு அருகே வருவதானால், சந்திரலேகாவின் ‘சரீரா’வை நினைக்காமல் இருக்க முடியாது. காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்று, பின் நெடுங்காலம் மேடையை விட்டு விலகி, 1980களில் புதிய நோக்கோடு திரும்பி வந்தவர் சந்திரலேகா. 2001ஆம் ஆண்டில் அமைந்த ‘சரீரா’ அவருடைய இறுதிப் படைப்பு. 2006 டிசம்பரில் அவர் மறைந்தார். கவிஞருமான திஷானி தோஷியும், களரிப்பயிற்சி பெற்ற ஷாஜி ஜானும் அதில் ஆடினர். குண்டேச்சா சகோதரர்களின் துருபத் இசை உடன் ஒலித்தது. அங்கே நாற்காலி இல்லை, கதவு இல்லை, கதை இல்லை. இரண்டு உடல்கள், நம்ப முடியாத மெதுவில், தரையோடு தரையாக அசைகின்றன. ஒரு கால் உயர்ந்து மறுபக்கம் இறங்குவதற்குள் பாட்டில் ஓர் ஆலாபனைத் துண்டு முடிந்துவிடும். வூப்பர்டாலின் இருவருக்கு நேரம் போதவில்லை, மூச்சிரைக்க ஓடுகிறார்கள். சென்னையின் இருவருக்கோ அவசரம் என்பதே தெரியாது. பெண் அங்கே எவர் கையிலும் கிடத்தப்படுவதில்லை. அவள் தன் முதுகெலும்பின் மேலேயே அமர்ந்திருக்கிறாள். அவள் நெடுநேரம் தனியே ஆடும் பகுதிகளில் தனிமை குறையாகத் தோன்றுவதே இல்லை. ஆடவன் வந்து சேரும்போது தனிமை நீங்கிவிடுவதும் இல்லை. அதற்கு அருகில் இன்னொரு தனிமை வந்து அமர்கிறது. இரண்டு படைப்புகளில் எது பெரிது என்னும் கேள்வி வீண். ஆனால் ‘சரீரா’வில் விழுதல் இல்லை என்பதும், விழுதல் இல்லாததால் அங்கே மன்னிப்பும் இல்லை என்பதும் சொல்லத்தக்கவை. விழுந்தவள் எழுந்து வந்து, விழவிட்டவனையே மீண்டும் தழுவுகிறாளே, அந்தக் கணத்தின் எளிய மடமையும் பெருந்தன்மையும் ‘கஃபே முல்லர்’ ஒன்றுக்கே உரியவை.

ஐரோடோவும் மெர்சியும் 1973ஆம் ஆண்டு முதல் வூப்பர்டாலில் சேர்ந்து ஆடியவர்கள். 1975இல் பௌஷ் அமைத்த ‘ஓர்ஃபியஸும் யூரிடிசியும்’ நடனத்தில் அவன் ஓர்ஃபியஸ், அவள் யூரிடிசி: திரும்பிப் பார்த்தால் இழந்துவிடுவான் என்று விதிக்கப்பட்ட இணை. ஒருவரையொருவர் பாராமல் நடக்கும் பழக்கம் அவர்களுக்கு ‘கஃபே முல்லர்’க்கு முன்பே வந்துவிட்டது. 1978இல் அவர்கள் முப்பதை ஒட்டிய வயதினர். அறுபதை நெருங்கும் வயதிலும் அதே தழுவலை, அதே விழுதலை ஆடினார்கள். இளமையில் துள்ளி எழுந்த உடல் பிற்காலத்தில் எழுவதற்குக் கணக்குப் பார்க்க வேண்டியிருந்திருக்கும். பாத்திரத்தின் உறவு கற்பனையாக இருக்கலாம். முப்பது ஆண்டுகளாக ஒருவர் விழவிட இன்னொருவர் விழுந்துவந்த உறவு கற்பனை அன்று. விழுபவர் அடிபடாமல் விழ வேண்டுமானால், கை தளர வேண்டிய நொடியும் அளவும் விழவிடுபவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும். தாங்காத கையாக நடிப்பதற்கு எத்தனை தாங்கும் திறன் வேண்டும்!

ஸ்பானியத் திரைப்பட இயக்குநர் பெத்ரோ அல்மோதோவார் 2002இல் எடுத்த ‘அவளோடு பேசு’ என்னும் படம் இந்த நடனத்தோடுதான் தொடங்குகிறது. மேடையில் பௌஷும் ஐரோடோவும் கண் மூடி ஓடுகிறார்கள். கோட்டு அணிந்தவன் நாற்காலிகளை விலக்குகிறான். அவையில் இரண்டு ஆடவர்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளில் அமர்ந்திருக்கிறார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்கள். ஒருவன் அழுகிறான், மற்றவன் அதை ஓரக்கண்ணால் பார்க்கிறான். ஒரு சொல்லும் பேசாமல் கலைந்துவிடுகிறார்கள். அழுதவனைப் பார்த்தவன் தாதி வேலை செய்பவன். அவன் தான் பணிபுரியும் மருத்துவமனைக்குச் சென்று, நெடுங்காலமாக நினைவிழந்து படுத்திருக்கும் இளம்பெண் ஒருத்தியிடம் அந்த மாலையைப் பற்றி விரிவாகச் சொல்லத் தொடங்குகிறான்: மேடை எப்படி இருந்தது, நாற்காலிகளை நகர்த்தியவனின் முகம் எவ்வளவு துயரமாக இருந்தது, பக்கத்தில் இருந்தவர் எப்படி அழுதார் என்றெல்லாம். அவள் நடனம் பயின்றவள். கண்களை மூடியே கிடக்கிறாள். அவன் சொல்லிக்கொண்டே அவள் கையைப் பிடித்து நகங்களைச் சீர்செய்கிறான்.